எழுதாமல் விட்ட பன்னிரண்டு மணி நேரம்

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் அவருக்குப் பெயர் கடிகாரம். கதவில் ‘மேற்பார்வையாளர்’ என்று பலகை தொங்கியது, அதை யார் படித்தார்கள்? பத்து ஐந்துக்கே வந்துவிட்டேன் என்று சாதிப்பவளிடம் “பத்து ஏழு” என்று சொல்லி, அப்படியே எழுதியும் வைக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? நான் அதே அறையின் மூலையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பவள். பதினான்கு வருடமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மிஷின் மிதித்தவள். அவரைப் பற்றிப் பேச உனக்கென்ன உரிமை என்று கேட்பவர்கள், வந்து நாலு விரிப்பு தைத்துவிட்டுக் கேட்கட்டும்.

மனைவி போனபிறகு வீட்டில் அவரும் மகனும்தான். மகனுக்கு லேத் பட்டறையில் வேலை. நல்ல பிள்ளைதான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் சாயங்காலம் பஸ் நிலையத்தில் யாரோ ஒருவனோடு வாய்த்தகராறு. ஒரே ஒரு குத்து. அந்த ஆளுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. சம்பவம் நடந்தது ஆறே முக்காலுக்கு. ஆறரைக்கே பையன் வீட்டில் இருந்தான் என்று அவர்கள் வக்கீல் ஒரு கதை கட்டி, சாட்சிக்கு அப்பாவைக் கூண்டில் ஏற்றினார். இவர் என்ன செய்தார் தெரியுமா? “ஏழு பத்துக்குத்தான் வந்தான்” என்றார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். மகனுக்கு இரண்டு வருடம். இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கிற தண்டனை மற்றவர்களுக்குப் பாடமாக இருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னாராம்.

“ஏன்ணே, ஒரு அரை மணி நேரம் முன்னப்பின்ன சொன்னா குடியா முழுகிடும்?” என்று கேட்டேன்.

“வந்தது ஏழு பத்துக்கும்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சிறைக்குப் போவார். மகன் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, “நல்லா இருக்கேன், நீ வராத” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். கொடுத்திருக்கிற இருபது நிமிடமும் இவர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவார். திங்கட்கிழமை காலையில் அவர் பேசுகிற முதல் வார்த்தை தொண்டையில் சிக்கும். இரண்டு நாளாக வாயே திறக்காத தொண்டை வேறெப்படி இருக்கும்?

மகன் உள்ளே போய் எட்டு மாதம் ஆனபோதுதான் அந்தக் கால்பந்து ஆட்டக்காரன் வந்து சேர்ந்தான். நாட்டு அணிக்கே கோல்கீப்பர். ஒரு ஓட்டலில் சப்ளை செய்கிறவரை ஒரே குத்து, தாடை உடைந்துவிட்டது. அவனுக்கு ஒரு வருடச் சிறை என்று எழுதி, அதை உடனே நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக எங்கள் ஆஸ்பத்திரியில் நூற்றிருபது மணி நேரம் வேலை செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அந்த ஒரு வருடம் உயிர்பெற்றுவிடும். இவ்வளவு திறமையுள்ள கைகளைச் சிறையில் பூட்டிவைப்பது நாட்டுக்கே நஷ்டம் என்று தீர்ப்பில் இருந்ததைப் பேப்பரில் படித்தேன். எனக்கு வயிறு எரிந்தது. லேத்தில் மயிரிழை பிசகாமல் கடைகிற கைக்குத் திறமை இல்லையா? அந்தத் தாடையும் தாடை, இந்தத் தாடையும் தாடைதானே!

கடிகாரம், நன்னடத்தை அதிகாரி கொடுத்த படிவத்தை வாங்கிக்கொண்டார். வந்த நேரம், போன நேரம், கழித்த நேரம், மொத்தம், இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான் படிவம்.

வெளியூர் ஆட்டம் இல்லாத வாரங்களில் திங்களும் வியாழனும் மதியம் மூன்று மணி நேரம் அவன் வருவான். முதல் வாரம் ஆஸ்பத்திரியே எங்கள் அறைக்கு வந்துவிட்டது. நர்சுகள், டாக்டர்கள், கையில் கட்டோடு ஒரு நோயாளி, எல்லாருக்கும் போட்டோ வேண்டும். கடிகாரம் சுவரோரம் நின்று நேரம் பார்த்தார். போட்டோவுக்கு இருபத்திரண்டு நிமிடம், டீக்குப் பதினைந்து, போனில் பேசியது ஒன்பது. எல்லாவற்றையும் கழித்து எழுதினார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அவன் அதை வாசிக்கக்கூட இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேருக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. எதை நீட்டினாலும் வளைத்து ஒரு கோடு இழுத்துவிடும்.

கூட்டம் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. அப்புறம் அறையில் நாங்கள் மூன்று பேர்தான். விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து எதிரே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். வேலைக்கு ஆள் போதாமல், இவர் வருடக்கணக்காக மேஜையில் பரப்பி ஒற்றையாகவே மடித்துக்கொண்டிருந்தார். இப்போது எதிரே ஒருவன் நின்றான். மூன்று மணி நேரத்தில் இருநூறு விரிப்பு. இருநூறு தடவை முகத்துக்கு முகம் வந்தால் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்?

“சார், உங்க பையன் உள்ள இருக்கானாமே. என்ன செஞ்சான்?” என்று ஒருநாள் அவன் கேட்டான்.

“நீ செஞ்சதத்தான்.”

“எத்தனை நாள்?”

“ரெண்டு வருஷம்.”

அவன் கையில் பிடித்த விரிப்போடு நின்றுவிட்டான். அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை. அதன்பிறகு எப்போதுமே போகவில்லை. கிளப்பில் இருந்து வந்த காரை வாசலில் நிற்கவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கூடுதலாகவே வேலை செய்தான். முட்டி தேய்ந்துவிட்டது, இன்னும் இரண்டு வருடம் ஓடினால் பெரிய விஷயம், அப்புறம் ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது என்றெல்லாம் சொல்வான். அடிபட்டவரைப் போய்ப் பார்க்கக் கிளம்பியபோது கிளப் வக்கீல் கூடாது என்று தடுத்துவிட்டதாகச் சொன்னான். கடிகாரம் ‘ம்’ கொட்டுவார். பிறகு மெல்ல மெல்லத் தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயதில் அவன் எதையும் பிரித்துப்போட்டுவிட்டுத் திருப்பிச் சேர்க்கத் தெரியாமல் விழிப்பானாம். அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மனிதர் சிரிக்கிறார்! எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மகனோடு இப்படி ஒரு நாள் சிரிக்கக் கொடுத்துவைக்கவில்லையே!

நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை, நூல் எடுக்க அவர் மேஜைக்குப் போனேன். அன்றைய படிவம் மேலே கிடந்தது. ஆட்டக்காரன் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று மணி நேரம் வேலை செய்ததை என் கண்ணால் பார்த்தேன். படிவத்தில் மொத்தம் இரண்டு மணி நேரம் என்று இருந்தது. புரட்டிப் பார்த்தேன். அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான்.

“அண்ணே, என்ன இது? நீங்களா இப்படி எழுதுனீங்க?”

அவர் கதவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“முடிஞ்சுட்டா வரமாட்டான்லம்மா” என்றார்.

கத்தத்தான் வாய் வந்தது. பெற்ற பிள்ளைக்கு அரை மணி நேரத்தை நகர்த்தாத மனிதர், எவனோ ஒருவன் எதிரே நின்று விரிப்பு பிடிப்பதற்காக மணிக்கணக்கில் முழுங்கிக்கொண்டிருக்கிறார். “கெடு முடியறதுக்குள்ள சரி பண்ணிடுங்க. அவன் ஜெயிலுக்குப் போயிடுவான்” என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். சரிசெய்யவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

கெடுவுக்கு முதல்நாள் நன்னடத்தை அதிகாரி எல்லாப் படிவங்களையும் கூட்டிப் பார்த்தார். கண்டிப்பான அம்மா. “நூத்தி ஒன்பதுதான் வருது. பதினோரு மணி நேரம் குறையுது. நான் நாளைக்குக் கோர்ட்டுக்கு எழுதியாகணும்” என்றார்.

ஆட்டக்காரன் படிவங்களை எட்டிப் பார்த்தான். “மேடம், போன வாரமே முடிஞ்சிருச்சே! நான் ஒரு நாள்கூட சும்மா நிக்கல. சார், சொல்லுங்க சார்!”

“எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கே?”

“நான் எங்க மேடம் படிச்சேன்!”

கடிகாரம் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை. பொய்யைப் படிவத்தில் எழுதிவிட்டு, நிஜமான நேரத்தை நாள்வாரியாக அதில் எழுதி வைத்திருந்தார். அந்த மனிதரால் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாது.

“நூத்தி இருபத்தொண்ணு மேடம். ஒரு மணி நேரம் அதிகமாவே செஞ்சிருக்கான். பன்னெண்டு மணி நேரத்தை நான்தான் வேணும்னே எழுதாம விட்டேன்.”

அதிகாரி நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். “நீங்களும் அங்கதானே இருந்தீங்க?” என்று என்னைக் கேட்டார். நோட்டில் இருப்பதுதான் நிஜம் என்றேன். பிறகு அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கமாகவே கேட்டார்.

“உங்க பையன் கேஸ்தானே காரணம்? அவனுக்கு ரெண்டு வருஷம், இவருக்கு இதுன்னு ஆத்திரம். அதானே?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லுங்கண்ணே, ஆள் இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால்தான் என்று சொல்லிவிடுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அறுபது வயது ஆண்பிள்ளை அதை எப்படிச் சொல்வார்? பழிவாங்கினேன் என்றால் ஊர் புரிந்துகொள்ளும்.

“ஆமா மேடம்” என்றார்.

ஆட்டக்காரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். “நான் உங்கள எப்படி நினைச்சேன் தெரியுமா சார்?” என்றான். கிளம்பிப் போய்விட்டான். அவனுக்குத் தண்டனை முடிந்தது. இவருக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட், விசாரணை. மறுநாள் பேப்பரில், சிறையிலிருக்கும் மகனுக்காகப் பழிதீர்த்த தந்தை என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை, “தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு, நீ வர்றியாம்மா?” என்று கேட்டார். போனேன். நீளமான அறை, நடுவில் கம்பிவலை, இந்தப் பக்கம் மர பெஞ்சு. மகன் ஏறக்குறைய ஓடிவந்தான். சுவரைப் பார்க்கவில்லை. வலையில் இரண்டு கையையும் வைத்து, முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான்.

“பேப்பர் படிச்சேம்ப்பா. உள்ள எல்லாரும் உன்னப் பத்தித்தான் பேசறாங்க” என்றான். கண் கலங்கியிருந்தது. “அன்னிக்குக் கோர்ட்ல நீ சொன்னத என்னால மறக்கவே முடியலப்பா. உனக்கு என்னவிட நேரம்தான் பெருசுன்னு நினைச்சுட்டேன். நீ போய்... நீ போய் எனக்காகப் பொய் எழுதினியாப்பா?”

கடிகாரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

“ஆமாண்டா” என்றார். “உனக்காகத்தான்.”