இரண்டு மணிக்குக் காணாமல் போன அளவுகள்

குடிநீரைச் சோதிக்கும் எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் டைப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு தட்டச்சராகச் சேர்ந்தவர். கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தபோது, "கீபோர்டு இருக்குல்ல? அப்போ இது என் சாமான்தான்" என்று பிரித்தவர் அவர். கூட வந்த தடித்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், இஸ்திரி மேசையில் விரித்து வைத்து, ஒரே மழைக்காலத்தில் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் புத்தகத்தின் பத்தாம் பக்கத்தைக்கூட நான் தாண்டவில்லை.

அவர் எழுதிய புரோகிராம் செய்த வேலை இதுதான். பன்னிரண்டு பாட்டில்கள் நிற்கும் தட்டோடு ஒரு சோதனைக் கருவி எங்களிடம் உண்டு. ஆறு நிமிடத்துக்கு ஒரு பாட்டில் முடியும். முடிந்ததும் சிவப்பு விளக்கை ஏற்றி, ஒரு கம்பி வழியாகக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். கம்ப்யூட்டர் கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுப் புரோகிராமின் தொள்ளாயிரமாவது வரிக்கு ஓடும். அங்கே அளவை வாங்கி அச்சடித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். அதுவரை ஒரு ஆள் நோட்டும் கையுமாகக் கருவி முன்னால் தவம் கிடக்க வேண்டியிருந்தது.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். "மெஷின் கூப்பிட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கே. நான் கூப்பிட்டா மட்டும் இந்த வீட்ல யாருக்கும் காதே கேக்காது" என்றாராம். "அது கூப்பிட்டா ஏதாவது குடுக்கும். நீங்க கூப்பிட்டா வாங்கத்தானே செய்வீங்க?" என்றாராம் அக்கா. மதிய இடைவேளையில் இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

புரோகிராம் ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதம், பதிவேட்டில் இருந்த ஒன்பது மாதிரிகளுக்கு அச்சுத்தாளில் அளவு இல்லை. ஒன்பதும் மீசை அண்ணன் பணிமுறையில் வந்தவை. பதினோரு வருடமாக இங்கே இருக்கும் வேதியியலாளர் அவர். தண்ணீரைத் தட்டில் வைக்காமலே வைத்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். குடிநீர் விஷயத்தில் அப்படி ஒரு குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும்.

"வச்சேன் சார். என் கையால வச்சேன்" என்றார் அண்ணன்.

விளக்கம் கேட்டு மெமோ தயாரானது. அதைத் தட்டச்சு செய்ய வந்தது டைப் அக்காவிடம். ஒன்பது தேதி, ஒன்பது நேரம், பத்தி பிரித்து அடிக்க வேண்டும். நேரப் பத்தியில் நாலாவது வரி அடிக்கும்போது அவர் கை நின்றது.

"தம்பி, இங்க வாங்க. என் விரல் ஒரே சாவிக்கே போகுது பாருங்க. எல்லாம் ரெண்டு மணி சில்லறை. ஒண்ணுகூட மூணு மணி இல்ல, நாலு மணி இல்ல. ஏமாத்துறவர் ரெண்டு மணிக்கு மட்டுமா ஏமாத்துவாரு?"

இரண்டு மணிக்குத்தான் பணிமுறை மாறும். அப்போது புரோகிராம், பணியில் இருப்பவர் பெயரைக் கேட்கும். காலை முறை என்னுடையது. என் பெயரைத் திரையில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், கேட்டவுடன் தட்டிவிடுவேன். அண்ணன் அப்படியில்லை. தட்டை வைத்துக் கருவியை ஓடவிட்டுப் பழைய பாட்டில்களைக் கழுவப் போய்விடுவார். கை உலர்ந்த பிறகுதான் பெயர்.

அக்கா அரைமணி நேரம் தன் புரோகிராமையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெமோவை டைப்ரைட்டரிலேயே விட்டுவிட்டு, மேலாளரைக் கையோடு அழைத்து வந்தார். அண்ணனும் பின்னால் வந்து நின்றார். அக்கா தட்டில் பாட்டில்களை வைத்து, பெயர் கேட்கும் இடம்வரை புரோகிராமை ஓட்டினார்.

"பேர் கேக்குது சார். யாரும் பதில் சொல்லாதீங்க."

தட்டு நகர்ந்தது. ஆறு நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் அசையவில்லை, கேள்விக்குப் பக்கத்தில் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு நிமிடம். இரண்டாவது பாட்டிலும் முடிந்தது. அக்கா ஒரு பெயரைத் தட்டினார். அச்சுப்பொறி ஒரே ஒரு வரி அடித்துவிட்டு ஓய்ந்தது.

"ரெண்டு பாட்டில், ஒரு அளவு" என்றார் அக்கா. "ஒரு வரியைச் செஞ்சு முடிச்சாத்தான் இது யார் கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்க்கும். கேள்வி கேக்குற வரி, பதில் வர்ற வரைக்கும் முடியவே முடியாது. கருவிக்கு ஒரு அளவைத்தான் ஞாபகம் வச்சுக்கத் தெரியும். அடுத்தது வந்ததும் முந்தினது போயிடும். அண்ணன் வச்சாரு சார். என் புரோகிராம் வாங்கல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, அப்போ இந்த மெமோ உங்க பேருக்கு மாறும். தெரியும்ல?"

"மாத்துங்க சார். எப்படியும் அடிக்கப்போறது நான்தானே."

அக்கா வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பட்டம் வாங்கிய நான் அந்தத் தாள்களை ஒரு வாரம் புரட்டியவன், என் கண்ணிலேயே எதுவும் படவில்லை. தன் பெயருக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தை அக்கா பிழை திருத்தும் வெள்ளையை ஒரு சொட்டுகூடத் தொடாமல் அடித்து, கார்பன் நகலைத் தானே கோப்பில் சேர்த்தார்.

அன்று மாலைக்குள் கேள்வியையும் மாற்றிவிட்டார். இப்போது புரோகிராம் பெயரை மொத்தமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஏதாவது சாவி அழுத்தப்பட்டதா என்று பார்க்கும், இல்லையென்றால் சுற்றி வந்து மறுபடி பார்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் கருவியின் பக்கமும் ஒரு பார்வை போகும்.

மறுநாள் இரண்டு மணிக்கு மீசை அண்ணன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரலால் சாவியைத் தேடித்தேடித் தன் பெயரை அடித்தார். மூன்றாவது எழுத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது, அச்சுப்பொறி கடகடவென்று ஒரு வரி அடித்தது. அண்ணன் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"நீங்க அடிங்கண்ணே" என்றார் அக்கா, தட்டச்சிலிருந்து தலை நிமிராமல். "அது பாட்டுக்கு அது வேலையைப் பார்க்குது."