மறுபூஜைக்கு முன்னால் தொட்டவள்

கீதாஞ்சலி பார்க்கும் வேலையை ஊத்துக்குளியில் யாருக்கும் விளங்க வைக்க முடியாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் அவள் அம்மா வேலாத்தாள், ஏசி ரூமில் உட்கார்ந்து டிவி பார்க்கிற வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வாள். பாதி உண்மைதான். திருப்பூரில் அவிநாசி சாலையோரத்து மாடி ஒன்றில் சுவர் முழுக்கத் திரைகள். பனியன் கம்பெனிகளின் ஆபீசுக்கும் தையல் யூனிட்டுக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே ஓடுகிற கண்ணாடி இழைக் கேபிள்களெல்லாம் அங்கே பச்சைக் கோடுகளாகத் தெரியும். லைன் விழுந்தால் கோடு சிவப்பாகிவிடும். அதைப் பார்க்க ஆள் எதற்கு, எந்த மடையனுக்கும் தெரியும். கீதாஞ்சலி பார்ப்பது கோட்டுக்குப் பக்கத்தில் ஓடும் சின்ன எண்ணை. போகிற வழியில் சிதைந்துபோகிற தகவலின் எண்ணிக்கை அது, எரர் என்பார்கள். கோடு பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும், எரர் மட்டும் நைசாக ஏறும். அப்படி ஏறத் தொடங்கினால் அந்த லைன் இன்றைக்கோ நாளைக்கோ படுத்துவிடும்.

எல்லாக் கோட்டையும் அவள் பார்த்தாள். ஆனால் முதலிபாளையம் யூனிட்டுக்குப் போகிற ஒரு கோட்டை மட்டும் வேறு மாதிரி பார்த்தாள். அது எப்போது நாசமாய்ப் போகும் என்று பார்த்தாள். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? பழி தீர்க்கத்தான் காத்திருந்தாள். நீங்களாக இருந்தாலும் காத்திருப்பீர்கள்.

போன வருசம் வரைக்கும் அவளுக்கு அந்த யூனிட்டில்தான், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. முதலாளி கந்தப்பன் நல்ல மனிதர், எதிரே வந்தால் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்காமல் போகமாட்டார். அவருடைய அக்கா மகன் தரணீதரன்தான் அந்தப் பிரிவுக்கு மேனேஜர். கோயமுத்தூரில் எஞ்சினியரிங் படித்தவன், வேலை தெரிந்தவன். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆயுத பூஜை என்றால் பனியன் கம்பெனியில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ஓவர்லாக் மிசினிலிருந்து அயர்ன் பாக்ஸ் வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் மறுபூஜை போடுகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அன்றைக்கு நெட்வொர்க் பெட்டிக்குப் பூஜை போட்டது தரணீதரன். பெட்டியைத் துடைக்கக் கேபிள்களைக் கழற்றியவன், பக்தி முற்றிப்போய், ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டுச் சந்தனம் வைத்துத் திரும்பச் சொருகிவிட்டான். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி அது. தூசு பட்டாலே வெளிச்சம் மங்கும். சந்தனம் பட்டால் என்ன ஆகும்?

மறுநாள் விடிந்ததும் கீதாஞ்சலி முதல் ஆளாக வந்து பார்த்தால், எரர் கன்னாபின்னாவென்று ஏறிக்கொண்டிருந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேமராவில் அதைச் சரிபார்க்கிற நாள் வேறு. அவள் மறுபூஜை வரை பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து கேபிளை உருவினாள், முனை மஞ்சளாக இருந்தது. அதைப் படம் பிடித்து வைக்கலாம் என்றுகூடத் தோன்றாமல் தரணீதரனுக்குப் போன் போட்டாள். வந்தவன் பேசாமல் தன் வேட்டியிலேயே முனையைத் துடைத்துச் சொருகினான், லைன் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பையர் சலித்துப்போய் ஆர்டரையே நிறுத்திவிட்டான்.

என்ன ஆச்சு என்று கந்தப்பன் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். தரணீதரன் கொஞ்சமும் கூசாமல் சொன்னான், "பூஜை போட்ட பெட்டிங்க மாமா. மறுபூஜைக்கு முன்னால இவ கை வெச்சா. அதான் போச்சு." அடப்பாவி! சந்தனத்தைப் பற்றி அவள் சொன்னதற்கு, பெட்டிக்கு மேலே மட்டும்தான் பொட்டு வைத்தேன் என்று சாதித்தான். தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கந்தப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல், கணக்கை முடித்து அனுப்பிவிடச் சொன்னார்.

அனுப்பினதோடு விட்டதா? அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் ஓடிப்போய் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் உட்கார்ந்துகொண்டது. பூஜைப் பெட்டியில் கை வைத்த பிள்ளைதானே நீ என்று கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அதே யூனிட்டில் செக்கிங்கில் இருந்த வேலாத்தாள் தொட்ட துணியைப் பக்கத்தில் இருப்பவள் நகர்த்தி வைத்தாள். வேலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்து, முடியாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். கீதாஞ்சலிக்குத் தன் வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. அம்மா தொட்டதை நகர்த்தினார்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை. தரணீதரன் தன் வாயால், எல்லோர் முன்னாலும், தானே செய்தேன் என்று சொல்ல வேண்டும். பாவம், ஏமாந்துபோன கந்தப்பன் அதைக் காதால் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கடைசியில் லைன் கொடுக்கிற கம்பெனியில், கண்காணிப்பு அறையில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் பூஜையைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் நாளே முதலிபாளையத்துக் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

இந்த வருச ஆயுத பூஜைக்கு விடுப்பு வேண்டாம் என்று அவளே உட்கார்ந்தாள். காலையில் அந்தக் கோடு சிவந்து, உடனே பச்சையானது. கேபிளைக் கழற்றி மாட்டுகிறான்! அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எரர் அசைந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

வாடிக்கையாளரை ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. கூப்பிட்டாள். தன் பெயரைச் சொல்லவில்லை. தரணீதரன் தன் பெட்டியில் இருந்த எரர் எண்ணைச் சைபராக அழித்துவிட்டு, எங்கள் பக்கம் எரரே இல்லை மேடம் என்று போனை வைத்துவிட்டான். அவன் பக்கம் அழித்தால் இவள் பக்கம் அழியுமா? இரண்டாம் தடவையும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மத்தியானம் லைன் விழுந்தது. இந்த முறை அவன் முனையில் வைக்கவில்லையாம், பெட்டியின் முகத்தில்தான் வைத்தானாம். கரைத்த சந்தனம் வழிந்து, கேபிள் சொருகுகிற ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. துடைத்துப் பயனில்லை. உள்ளே வெளிச்சத்தை வாங்கி அனுப்புகிற சின்ன மாட்யூலையே மாற்ற வேண்டும், அது லைன் கம்பெனியிடம்தான் உண்டு. சாயங்காலம் வேறொரு பையர் கேமராவில் சரக்குப் பார்க்க உட்காரப் போகிறான். செல்போன் நெட்டை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், தகரக் கூரைக்குக் கீழே படம் அசையவே இல்லை.

கீதாஞ்சலி அதற்குள் ஒரு வேலை செய்திருந்தாள். நேரில் போய்ப் பழுது பார்க்கிற சிவராஜிடம், எதற்கும் ஆகட்டும் என்று புது மாட்யூலைக் கொடுத்து, அந்த யூனிட் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நிற்கச் சொல்லியிருந்தாள். தரணீதரன் ஒப்புக்கொண்ட நிமிடமே ஆளை உள்ளே அனுப்பிவிடுவாள். அவளுடைய பகை லைனோடு இல்லை.

தரணீதரன் போனில் கெஞ்சினான். முதலாளியிடம் பேச வேண்டும், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றாள். போட்டான். பின்னால் பொரி வாங்க நின்றவர்களின் சத்தம் கேட்டது.

"மொதலாளிங்க, நான் வேலாத்தா மக கீதாஞ்சலி பேசறனுங்க." எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நிறுத்திச் சொன்னாள். "பூஜை போட்ட பெட்டிங்களே. மறுபூஜைக்கு முன்னால எங்காளு எப்படிங்க கை வெப்பாரு?"

கந்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதெல்லாம் பாத்தா ஆகுமா கண்ணு. பையர் உக்காந்துருவான்."

"போன வருசம் பாத்தீங்களேங்க."

அப்புறம் மரியாதை கொஞ்சமும் குறையாமல் தரணீதரனைக் கேட்டாள். பழுதுக்குக் காரணம் எழுதாமல் ஆள் அனுப்ப முடியாதுங்க, இந்த வருசக் காரணமும் சொல்லுங்க, போன வருசக் காரணமும் சொல்லுங்க. அவன் தானாகவே போய்விட்டது என்றான். அப்படியானால் தானாகவே வரட்டுங்க என்றாள். மணி ஆகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நாந்தானுங்க. ரெண்டு தடவையும் சந்தனம் வெச்சது நாந்தான். உங்க மேல தப்பில்லீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வருசத்து எரிச்சல் நெஞ்சை விட்டு இறங்குகிற மாதிரி இருந்தது. இனி கந்தப்பன் அவனை அறைவார், இல்லாவிட்டால் ஐயோ கண்ணு ஏமாந்துட்டனே என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு சிவராஜைக் கூப்பிடலாம் என்று இருந்தாள்.

கந்தப்பனின் குரல் நிதானமாக வந்தது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. அவன் வேட்டியில மஞ்சளப் பாத்தனே. என்ன பண்றது, அக்கா பையன், உட்டுக்குடுக்க முடியுமா? நீன்னா எங்கியாச்சும் பொழச்சுக்குவ. செரி, அதெல்லாம் போகுது. ஆளை அனுப்பி உடு."

ஒரு வருசமாக அவள் ஒருவனைத்தான் வெறுத்தாள். அதுவும் முக்கியமான ஆளை விட்டுவிட்டு. அவளையும் அம்மாவையும் தெரிந்தே தூக்கிப் போட்டவர், சாப்பிட்டியா கண்ணு என்று கேட்ட இந்த மனிதர்தான்.

"செரிங்க மொதலாளி" என்று சொல்லி வைத்தாள்.

விடுமுறை நாள் பழுதுக்கு மறுநாள் மத்தியானம் வரை அவகாசம் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவள் சிவராஜைக் கூப்பிட்டாள். உள்ளே போகட்டுமா, கேட்டில் ஆட்கள் நின்று கையாட்டுகிறார்கள் என்றான் அவன்.

"வேண்டாங்ணா. நீங்க ஊட்டுக்குப் போய்க் கொழந்தைங்களோட இருங்க. நாளைக்கு மத்தியானம் பாத்துக்கலாம்."

அவன் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்ட பிறகு அவள் போனை வைத்தாள்.