புது பிரேக் போட்ட ஃபியட்

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் தன் பழைய ஃபியட்டுக்கு டிஸ்க் பிரேக், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் மாட்டி இன்று ஃபேஸ்புக்கில் படம் போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எண்பதுகளில் என் கணவரும் எங்கள் ஃபியட்டுக்கு இதையெல்லாம் மாற்றினார்.

"இனிமே பயமே இல்ல, ஏறு" என்றார்.

காவிரிப் பாலத்தில் மலைக்கோட்டை தெரிந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் பிள்ளையாரைக் கும்பிட்டார். முன்னால் போன பஸ் நின்றது.

"ஏங்க, பஸ்ஸுங்க!" என்று அலறினேன்.

மிதித்தார். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது.

"பாத்தியா, பிள்ளையார் காப்பாத்திட்டார்!"

இன்று அந்தப் படத்துக்குக் கீழே கேட்டேன்: "சார், பாலத்துல போறப்ப கும்பிடுவீங்களா?"

கைகூப்பும் எமோஜி ஒன்றுதான் பதிலாக வந்திருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டே அனுப்பியிருப்பாரோ?