திமிலா, கொம்பா?

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, 'ஹார்ன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலுள்ள 'ர்' ஒலியை விட்டுவிடுவது என்று எங்கள் குடும்பம் இன்று காலை ஏகமனதாக முடிவெடுத்தது.

குடும்பம் என்பது விராலிமலையில் நானும், மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவி செல்வியும்.

பொங்கலுக்கு ஊருக்கு வர அவள் இன்று சூப்பர்வைசரிடம் லீவு கேட்க வேண்டும். தைரியமாகப் பேச்சைத் தொடங்க ஒரு மரபுத்தொடர் தேடிக் கொடுத்து, போனிலேயே உச்சரிப்பும் பழக்கினேன். 'டேக் த புல் பை த ஹார்ன்ஸ்.' காளையைக் கொம்பைப் பிடித்து அடக்குவது, அதாவது சிக்கலை நேருக்கு நேர் சந்திப்பது.

"கொம்பைப் பிடிச்சா நம்ம ஊர்ல வெளிய அனுப்பிருவாங்களேங்க. திமிலைத்தானே பிடிக்கணும்?"

"இங்கிலீஷ்காரன் கொம்பைத்தான் பிடிப்பான். நீ சொல்லு."

"அவனை வாடிவாசல்ல வந்து நிக்கச் சொல்லுங்க, பாப்போம்."

மதியம் மறுபடி அழைத்தாள். பழக்கதோஷத்தில் 'ஹம்ப்' என்று திமிலையே சொல்லிவிட்டாளாம். சூப்பர்வைசர் விளக்கம் கேட்க, ஜல்லிக்கட்டையும் எங்கள் வீட்டுக் காளையையும் பற்றி ஆங்கிலத்தில் நிறுத்தாமல் பேசியிருக்கிறாள்.

"இவ்வளவு நல்லாப் பேசுறியேன்னு பாராட்டுனாங்க."

"லீவு?"



"மாட்டுப் பொங்கலுக்குக் காளைக்கு இந்த வருசமும் நீங்களே பொட்டு வச்சிருங்க."

நண்பர்களே, உங்கள் ஊரில் காளையை எங்கே பிடிப்பீர்கள்?

ஆங்கிலம் சரளமாக வருவதால், பொங்கல் வாரம் முழுவதும் வரவேற்பு மேசையில் செல்விக்கு டூட்டி போட்டிருக்கிறார்கள்.