கரண்டிச் சத்தம்

தெருவில் அவருக்குப் பெயர் பேய்க்காரர். மாதம் ஒரு பேய் நாவல் எழுதுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டும்போதே, "இந்த மாசம் யார் ரத்தம் சார்? அதுவரைக்கும் இதைக் குடிங்க" என்பார்.

பேய்க்காரரிடம் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. கோரைப்பல்லும் தலைவிரி கோலமும் யாரையும் பயமுறுத்தாது. பழகிய மனிதரின் சின்னப் பழக்கம் ஒன்றை எடுத்துச் செத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். வங்கிக் காவலாளியின் செருமல், மச்சினனின் விரல் சொடுக்கு என்று அகப்பட்டதையெல்லாம் பேய்களுக்குத் தாரை வார்த்தார்.

ஒருமுறை சரக்கு தீர்ந்துபோய் மனைவியிடமே கைவைத்தார். அவள் எதைக் கிளறினாலும் கடைசியில் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுவாள். டக், டக். நாவலில், மனைவியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவனுக்குப் பூட்டிய சமையலறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. "என் வீட்டம்மா கரண்டியை எடுத்தாலே எனக்கு உதறுது சார்!" என்று பதிப்பாளர் போனில் சிரித்தார். பேய்க்காரரின் மனைவி படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, நான் செத்தா இப்படித்தான் பயப்படுவீங்களா?"

"அட போடி, அது கதை."

அதன்பிறகு அவள் தட்டவே இல்லை. கரண்டியைப் பூப்போல மேடைமேல் வைத்தாள். அவர் கவனிக்கவில்லை. அடுத்த பேய்க்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவருக்கு எழுத்து ஓடவில்லை. விடிந்ததும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊருக்கெல்லாம் பேய் கொடுத்தவருக்கு இப்போது ஒரே ஒரு பேய் வேண்டியிருந்தது. டக், டக். அது கேட்டால் போதும், அவள் எங்கோ இருக்கிறாள். குழாய் சொட்டியது. ஃபிரிட்ஜ் உறுமியது. அவள் மட்டும் வரவில்லை. செத்தவர்கள் வருவதில்லை என்பது இத்தனை நாவல் எழுதியும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு மத்தியானம் மகள் வந்தாள். "இங்கேயே காவல் இருந்தா எப்படிப்பா? கொஞ்ச நேரம் படுங்க" என்று அதட்டி முன்னறைக்கு அனுப்பினாள். அவர் கண்ணயர்ந்தார்.

டக், டக்.

மயிர் குத்திட்டு நின்றது. அலறியபடி சுவரோடு ஒண்டிக்கொண்டார். மனைவியின் முகம் நினைவுக்கு வரவில்லை. அவரே எழுதிய அந்தப் பூட்டிய கதவுதான் வந்தது.

மகள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "என்னப்பா? நான்தான் தட்டினேன். அம்மா பழக்கம், எனக்கும் ஒட்டிக்கிச்சு." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "பயந்துட்டீங்களா?"

இன்னொரு தரம் தட்டும்மா என்று கேட்க வாயெடுத்தார். பல் கிட்டிப்போயிருந்தது.

"சரிப்பா, இனிமே தட்டல."

அவள் உள்ளே போனாள். கிளறும் சத்தம் கேட்டது, நின்றது. அதற்குமேல் சமையலறையிலிருந்து எதுவும் கேட்கவில்லை.