கண்ணாடிக்குள் வந்த அக்கா

எங்கள் மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. மேற்கே, கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றின் குழந்தைகள் இல்லத்திலிருந்து அவளைத் தத்தெடுத்து ரிஷிவந்தியத்துக்குக் கூட்டி வந்தோம். என் கணவருக்குக் கரும்பும் நெல்லும்தான் உலகம். நான் கள்ளக்குறிச்சியில், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஒரு கடையில் வக்கீல்களுக்குத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கல்யாணமாகிப் பல வருடங்கள் குழந்தையில்லாமல் இருந்துவிட்டு, இருவருமாக யோசித்து எடுத்த முடிவு அது.

வந்த நாளிலிருந்து அவள் எங்களை ஒரு தொந்தரவும் செய்யவில்லை. படுத்த பாயைத் தானே சுருட்டி வைத்தாள். உப்புப் போட மறந்த ரசத்தைக்கூட "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிக் குடித்தாள். பீரோவில் அவளுக்கென்று ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்திருந்தோம். அதில் அவள் எதையும் வைக்கவில்லை. துணிகளையெல்லாம் கொண்டுவந்த பையிலேயே மடித்து வைத்து, அந்தப் பையைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். தெருவில் எல்லோரும் தங்கமான பிள்ளை என்றார்கள். எனக்கோ வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து, எப்போது கிளம்புவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. எங்களைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க" என்பாள். அவ்வளவுதான்.

நாங்கள் கிளம்பும்போது இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா ஒன்று சொல்லியிருந்தார். "புள்ள இதுக்கு முன்னாடி ஒரு குடும்பத்துல கொஞ்ச நாள் இருந்துச்சுங்க. அங்க ஒத்து வரலை." அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு பழைய அரிசி ஆலையை யாரோ அறிவியல் கூடமாக மாற்றியிருக்கிறார்கள், பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம் என்று கடைக்கு வந்த ஒரு வக்கீலம்மா சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி வரை பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவின் பக்கத்துப் படுதாவை விலக்கிப் பார்த்தால் தூரத்தில் கல்வராயன் மலை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. மேகம் இறங்கி வந்து மலையின் உருவத்தைத் தானே எடுத்துக்கொண்டிருந்தது. வயல்களில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரிலும் மேகம்தான்.

உள்ளே போனதும் முதலில் வந்தது உமி வாசனை. ஆலை நின்று எத்தனை காலமாயிற்றோ, சுவர்கள் அதை இன்னும் விடவில்லை. உயரமான கூரை. தகரத்தின் மேல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. விளக்குகள் அதிகமில்லை. ஒவ்வொரு பொருளின் மேலும் மட்டும் ஒரு மஞ்சள் வெளிச்சம் விழ, நடுவில் இருந்த இடமெல்லாம் அரை இருட்டாகக் கிடந்தது. ஒரு பந்து எதன் மேலும் படாமல் காற்றில் நின்று மெல்லச் சுழன்றது. கூரையிலிருந்து தொங்கிய ஒரு கூம்பு, ஊசலாடியபடியே கீழே மணல் கொட்டி, பூவிதழ் போலக் கோலம் வரைந்துகொண்டிருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேசியவர்களின் குரலையும் மழை கரைத்துவிட்டது. தண்ணீருக்கடியில் நடப்பது போல் நடந்தோம்.

கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள். அவரே எங்களை ஒரு சின்ன அறைக்குள் அனுப்பினார். "சுவத்துக்கிட்ட நில்லுங்க. வெளிச்சம் அடிக்கும். அடிச்சதும் தள்ளி வந்து திரும்பிப் பாருங்க" என்றார். பளீரென்று ஒரு வெளிச்சம். விலகி வந்து பார்த்தால், சுவரெல்லாம் பச்சையாக மினுங்கிக்கொண்டிருக்க, நாங்கள் நின்ற இடத்தில் எங்கள் நிழல்கள் மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. நாங்கள் இல்லாமலேயே. என் கணவரின் நிழலும் என் நிழலும் தோளில் ஒட்டியிருந்தன. அவளுடைய நிழல் சுவரின் ஓரத்தில், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, தனியாக நின்றது. நிழல்கள் மங்கி மறையும்வரை என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்து ஒரு மூலையில்தான் அந்தக் கண்ணாடி இருந்தது. மரச் சட்டத்தில் நிறுத்திய ஒரு பெரிய கண்ணாடி. இரண்டு பக்கமும் நாற்காலி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு.

"உங்க பக்கம் வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா உங்க மூஞ்சி தெரியும். கம்மி பண்ணா எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி தெரியும். ரெண்டும் சமமா வந்தா..." என்று நிறுத்திவிட்டு, "நீங்களே பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

முதலில் நானும் என் கணவரும் உட்கார்ந்தோம். திருகைத் திருப்பத் திருப்ப என் முகத்துக்குள் அவர் முகம் ஏறி வந்தது. என் மூக்குத்திக்குக் கீழே அவருடைய மீசை.

"ஐயய்ய, இன்னா இது! நம்மூரு கோயில் சாமியாட்டம்" என்று அவர் சிரித்தார். எங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரர் பாதிக்குப் பாதி பிரிந்து நிற்பவர். இது அப்படியல்ல, பாலில் தண்ணீர் கலந்தது போல் இருந்தது. ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துவிட்டுத் திரும்பினால், அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நானுங்க?" என்றாள்.

எங்களிடம் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. என் கணவர் அவசரமாக எழுந்து இடம் கொடுத்தார். அவளுக்கு உயரம் போதவில்லை. அந்த அம்மாள் ஒரு மணையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டு, அவள் கண்ணும் என் கண்ணும் நேராக வரும்படி உட்கார வைத்துவிட்டு நகர்ந்தார். என் கணவர் அவள் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் நின்றார்.

அவள் திருகைத் திருப்பினாள். நானும் திருப்பினேன். சுற்றியிருந்த கூடம் மெதுவாக அணைந்துபோனது. கண்ணாடியில் முதலில் நான் இருந்தேன், பிறகு அவள் இருந்தாள். பிறகு இருவரும் இல்லை. வேறொருத்தி இருந்தாள். மகள் நெற்றியின் சின்னத் தழும்பும் என் பொட்டும் ஒரே நெற்றியில். என் கன்னத்தின் மேல் அவளுடைய கன்னத்தின் மினுமினுப்பு. இருபது வயது என்றால் இருபது, பத்து என்றால் பத்து. எங்கேயோ பார்த்த முகம், ஆனால் யாரென்று சொல்ல முடியாத முகம். நான் மூச்சு விட்டால் அது கலைந்துவிடுமோ என்றிருந்தது.

"யாருங்க நீங்க?" என்றாள் அவள்.

கண்ணாடிக்குக் கீழே சட்டம் திறந்திருந்ததால் குரல் தெளிவாகக் கேட்டது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. அந்த முகத்தைக் கேட்டாள்.

"நீயே சொல்லு கண்ணு. நான் யாரு?" என்றேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அக்கா" என்றாள்.

"சரி. அக்கா."

"அக்கா, நீங்க இங்கயேதான் இருப்பீங்களா?"

"இல்ல. நீ அந்தப் பக்கம் உக்காந்து, அவங்க இந்தப் பக்கம் உக்காந்தாதான் நான் வருவேன்."

அதை அவள் மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தகரத்தில் மழை வலுத்தது. பிறகு, கண்ணாடிக்கு இன்னும் பக்கத்தில் வந்து, ரகசியம் போலக் கேட்டாள்.

"இவங்க என்னையத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களாக்கா?"

என் கை நழுவித் திருகு புரண்டது. என் பக்கத்து விளக்கு மங்கியது. அந்த முகம் கரையத் தொடங்கியது.

"அக்கா! போயிராதீங்க!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. இரண்டு கையாலும் திருகைப் பிடித்து வெளிச்சத்தைக் கூட்டினேன். முகம் திரும்பி வந்தது. அதன் கண்கள் நனைந்திருந்தன. யார் கண்கள் என்று தெரியவில்லை.

"அனுப்ப மாட்டாங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? பாதி நான் அவங்கதானே. அவங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியும்."

"டம்ளரை ஒடச்சுப்போட்டா?"

"ஒடச்சாலும்."

"படுக்கையில மூத்தரம் போயிட்டா?"

"போனாலும்."

அவள் நிறுத்தினாள். அடுத்ததைக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"அங்க ஒரு பாப்பா பொறந்துச்சுக்கா. அதுக்கப்புறம் நான் வேண்டாமுன்னுட்டாங்க." குரல் இன்னும் தாழ்ந்தது. "இங்க பாப்பா பொறந்தா?"

ஒத்து வரலை என்று எங்களிடம் சொல்லப்பட்டது இதுதான். கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு ஓடி அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்தால் அக்கா போய்விடுவாள். அதனால் எழவில்லை.

"பொறந்தா, அதுக்கு நீதான் பெரியக்கா. அது வந்தாலும் வராட்டாலும் இந்த வூட்டுக்குப் பெரிய பொண்ணு நீதான். இத மாத்த யாராலும் முடியாது. அவங்களாலயும் முடியாது" என்றேன்.

"அவிங்ககிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?"

"கேட்டுட்டேன்."

எங்களுக்குப் பின்னால் சிலர் வந்து காத்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். கள்ளக்குறிச்சிக் கடைவீதிப் பக்கத்துக் குடும்பமாக இருக்க வேண்டும். கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண், கூடவே அவருடைய பிள்ளைகள். அதில் சின்னது, "அம்மா, நாங்க எப்ப உக்கார்றது?" என்று சிணுங்கியது. அந்தப் பெண் பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அந்தப் பந்தைப் போய்ப் பாக்கலாம் வா. இங்க பேசிக்கினு இருக்காங்க" என்று அனுப்பிவிட்டு, அவர் மட்டும் அங்கேயே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். வந்த இன்னொரு கூட்டத்தையும் கையைக் காட்டி வேறு பக்கம் அனுப்பினார். அவரிடம் நன்றி சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நாங்கள் எழுந்தபோது அவர் போயிருந்தார்.

அவளாகத்தான் முடித்தாள். "சரிங்க்கா. நான் போய்ட்டு வாரேன்" என்று சொல்லித் திருகைக் குறைத்தாள். அந்த முகம் இருந்த இடத்தில் நான் மட்டும் மிஞ்சினேன். மணையிலிருந்து இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல் மணல் கோலத்தைப் பார்க்கப் போய்விட்டாள். என் கணவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெளில வேர்க்கடலை விக்கறான், வாங்கியாறேன்" என்று சொல்லி மழையிலேயே இறங்கிப் போனார்.

ஆட்டோவில் திரும்பும்போது மழை விட்டிருந்தது. மேகம் நடுவில் பிளந்து, மலையின் ஒரு துண்டு மட்டும் ஆகாயத்தில் தொங்கியது. அவள் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து கடலை தின்றாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அக்கா சொன்னது எங்கள் வார்த்தையாகிவிடும், அவளுக்கு அது அக்காவின் வார்த்தையாகவே இருக்கட்டும் என்று அன்றிரவு அவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. அவள் பாயைச் சுருட்டினாள். "சரிங்க" என்றாள். பை கதவோரத்திலேயே இருந்தது. நான் கண்டது ஏதோ கனவுதானோ என்றுகூட சில நாள் சந்தேகம் வந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. மழையில் துணி காயவில்லை. சீருடையில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போட்டுக்கொள் என்று நீட்டினேன்.

"இன்னா இது! ஈரமா கீது! எனக்கு வாணாம்!" என்று அவள் அதைத் தரையில் வீசினாள்.

வீசியது ஒரு பக்கம். பேசியது எங்கள் தெருப் பேச்சு. எங்கே கற்றாள், எத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. என் கணவர் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் எது சரியோ அதைச் செய்ய வேண்டுமே.

"எடுடி அதை! பஸ்ஸு போய்டும்" என்று அதட்டினேன். அவளை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

அவள் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். எதையோ எதிர்பார்த்து நின்றாள். எதுவும் நடக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, நான் ஓடிப்போய் இறக்கினேன், அவ்வளவுதான். பிறகு அவள் காலை உதைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழ ஆரம்பித்தாள். நாங்கள் அழவிட்டோம். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "அம்மா, மூக்கு ஒழுவுது" என்றாள். துடைத்துவிட்டேன். மறுபடியும் அழுதாள்.

அன்று பஸ் போய்விட்டது. அவர் வண்டியில் அவளைப் பள்ளியில் விட்டார். நான் அடுத்த பஸ் பிடித்துக் கடைக்குப் போய், அவசர வாக்குமூலம் ஒன்றைத் தப்பும் தவறுமாக அடித்து, வக்கீலிடம் திட்டு வாங்கினேன். திட்டை வாங்கிக்கொண்டே சிரித்ததில் அவர் பாதியிலேயே நிறுத்தி, "ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.