அத்தையின் கட்டைவிரலுக்கு நான் எழுதிய விதிமுறை

ஓய்வு பெற்றபின் எனக்கு வந்த வியாதிகளில் ஒன்று தத்துவம். உலகத்தை நாம் முதலில் அறிவதே உடம்பால்தான், பழகிய கைக்கு ஒரு வேலையைப் புரிந்துகொள்ள மூளையின் முன்னனுமதி தேவையில்லை என்று பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். முப்பத்துநான்கு வருடம் முன்னனுமதி வழங்கும் அலுவலகத்திலேயே உத்தியோகம் பார்த்தவளுக்கு இதை ஏற்பது சிரமம். ஆனால் இதற்கான சாட்சி, நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் ஆம்பூர் வீட்டில் இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை.

அத்தை தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் மேசையில் தினக்கூலிக்கு நின்றாள். பதனிட்டு வந்த ஆட்டுத்தோலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒருமுறை பிடித்து விடுவாள், அவ்வளவுதான். கனமானது ஷூவுக்கு, நடுத்தரம் கைப்பைக்கு, மெலிசானது உள் லைனிங்குக்கு என மூன்று அடுக்குகள் எழும்பும். கனம் அளக்கும் கருவி ஒன்றும் அங்கே உண்டு. அது கெட்டுவிட்டதா என்று பார்க்க அத்தையைத்தான் கூப்பிடுவார்களாம்.

அந்த வருடம் மேசைக்கு ஒருவரை நிரந்தரமாக்குவது என்று முடிவானது. மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருவார். தான் எப்படிப் பிரிக்கிறாள் என்பதை அத்தை அவருக்கு விளக்கிச் சொல்லி, பிரித்தும் காட்ட வேண்டும். தவறினால் வேலை இருக்கும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். அண்ணன் வீட்டில் அண்ணியின் முகம் பார்க்காமல் சாப்பிட அத்தைக்கு இருந்த ஒரே வழி அந்த மேசை.

"இன்னான்னு சொல்றது? தொட்டா தெரியுது" என்றாள் அத்தை.

இது பதிலாகாது என்று நான் தீர்ப்பளித்தேன். கணக்கு நோட்டில் விதிமுறை எழுதத் தொடங்கினேன். தோசை, பள்ளிச் சீருடை, அப்பாவின் பெல்ட் என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துப் பார்க்கச் சொல்லி, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று இரண்டு வாரம் அவளை விரட்டினேன். எந்த விரல் முதலில் அசைகிறது? அழுத்தும்போது மூச்சை விடுகிறாளா, இழுக்கிறாளா? ஏழு படிகள் தேறின. "பேஜார் பண்ணாதடி" என்று அவள் கெஞ்சியும் விடவில்லை. ஒப்பித்த பிறகே சாப்பாடு.

தேர்வன்று நான் பள்ளியில் இருந்தேன். நடந்ததை மாலையில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை சொல்லத் தொடங்கிவிட்டாள். ஏழு படியையும் பிசகாமல் ஒப்பித்தாளாம். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டி ஒரு தோலை நீட்டினாராம். அத்தை முதல் படியை நினைத்துக் கட்டைவிரலை வைத்தாள். இரண்டாம் படியை நினைத்தாள். விரல் வேறு யாருடையதோ போலிருந்ததாம். கனமா மெலிசா, ஒன்றும் தெரியவில்லை. ஐந்து தோலில் மூன்று தப்பு.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி சும்மா இருந்திருக்கலாம். "மெஷின் கெட்டா ரிப்பேருக்கு அனுப்பலாம். உன்னை எங்கம்மா அனுப்புறது?" என்றாராம்.

"பத்து வருஷமா உன் சரக்கு என் கையாலதான்யா கப்பல் ஏறுது" என்று ஆரம்பித்த அத்தை, வசவிலேயே மேஸ்திரியின் மாமனார் வீடு வரைக்கும் போய் வந்திருக்கிறாள். பேசிக்கொண்டே, மேசையை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று, மிச்சமிருந்த கட்டை அவிழ்த்துத் தோல்களை எடுத்து எடுத்துப் போட்டிருக்கிறாள். திட்டி முடித்துப் பார்த்தால் மேசையில் மூன்று அடுக்கு. அதிகாரி கருவியை வாங்கி ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை.

"வாய் அந்தாளைத் திட்டினு இருந்துச்சி, கை பாட்டுக்கு பிரிச்சினு இருந்துச்சி. நான் பாக்கவே இல்ல" என்றாள் அத்தை. மேசை அவளுக்கே நிரந்தரமாகிவிட்டது. மக்கன்பேடா பொட்டலத்தைப் பிரித்து முதலில் அம்மாவிடம் நீட்டினாள்.

நான் பேடாவைத் தின்றுகொண்டே கணக்கு நோட்டைத் திறந்தேன். என் விதிமுறை காலை வாரியதற்கான காரணம் உடனே பிடிபட்டுவிட்டது: ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. எட்டாவதாக, 'மேஸ்திரியைத் திட்டவும்' என்று எழுதி, அடிக்கோடிட்டு, இதையும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லி நீட்டினேன். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஒழுங்காக எழுதப்பட்ட எட்டுப் படிகளில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.